பிருந்தாவன் தோட்டத்து இரவு நீரூற்று: ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்து, மைசூருக்கு வாக்கப்பட்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் எங்கள் வீடு சத்திரமாகிவிடும். வருகிறவர்கள் கையில் ஒரே பட்டியல்தான்: அரண்மனை, சாமுண்டி மலை, அப்புறம் கண்ணம்பாடி அணைக்குக் கீழே 'டான்ஸ் ஆடுற தண்ணி'. கிளம்புவதற்கு முதல் நாள் போனில் கேட்கிற கேள்விகளும் மாறுவதில்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டேன், இனி அனுப்பி வைத்தால் போதும்.

இது மைசூருக்குள்ளேயே இருக்கிறதா?

இல்லை. மைசூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். மாவட்டமே வேறு, மண்டியா. காவிரியின் குறுக்கே கட்டிய கிருஷ்ணராஜசாகர் அணையின் காலடியில் இருக்கிறது பிருந்தாவன் தோட்டம். செய்தியில் 'கே.ஆர்.எஸ். அணை நீர்மட்டம்' என்று வாசிப்பார்களே, அதே அணைதான். ரயில் நிலையத்துப் பக்கமிருந்து கே.ஆர்.எஸ். ரோட்டைப் பிடித்து மேட்டகள்ளி வழியாக நேராகப் போக வேண்டியது. காரில் முக்கால் மணி நேரம். நகரப் பேருந்து நிலையத்திலிருந்து பஸ் உண்டு.

அதை ஏன் கண்ணம்பாடி என்கிறார்கள்?

அந்த இடத்திலிருந்த ஊரின் பெயர் அது. அணையில் தண்ணீர் தேக்கியபோது ஊர் மூழ்கியது, கூடவே ஹொய்சளர் காலத்து வேணுகோபால சுவாமி கோயிலும். ஊர்க்காரர்கள் மேட்டில் குடியேறி அதற்குப் புதுக் கண்ணம்பாடி என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கோயில் மட்டும் தண்ணீருக்குள்ளேயே கிடந்து, பஞ்ச வருஷங்களில் தலையைக் காட்டிக்கொண்டிருந்தது. பிறகு கல் கல்லாகப் பிரித்து எடுத்துவந்து, அணை நீர்ப்பரப்பின் கரையில் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். நம்மூர்ப் பெரியவர்கள் கிருஷ்ணராஜசாகர் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மேட்டூருக்குத் தண்ணீர் வருகிறதா என்று பேசும்போதெல்லாம் அவர்கள் வாயில் வருவது கண்ணம்பாடிதான்.

எத்தனை மணிக்கு நீரூற்று?

பெரும்பாலும் மாலை 6:30 மணிக்கு. வார நாட்களில் ஒரு மணி நேரம் போல. சனி, ஞாயிறில் இன்னும் நீளும். இருட்டினால்தானே விளக்கு எடுபடும்? இங்கே நவம்பரில் ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும், ஜூலையில் கிட்டத்தட்ட ஏழு ஆகும். அதனால் காலத்துக்குத் தகுந்தபடி நேரம் முன்னே பின்னே நகரும். நுழையும்போதே வாசலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் ஆறு மணிக்குப் போனால் போதும்தானே?

போதாது. எல்லோரும் செய்கிற தப்பு இதுதான். என் தம்பி ஒருமுறை மூன்று கார் நிறைய ஆட்களோடு 6:10-க்கு வாசலில் வந்து இறங்கினான். வண்டி நிறுத்த இருபது நிமிஷம், சீட்டு வாங்கப் பத்து நிமிஷம். அதற்குப் பிறகு, வாசலிலிருந்து நீரூற்று இருக்கும் வடக்குத் தோட்டத்துக்கு ஒரு கிலோமீட்டராவது நடக்க வேண்டும். நடுவே பாலம், படி, படகுத் துறை, போகிற வழியை அடைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிற கூட்டம். போய்ச் சேர்ந்தபோது முதல் ஆட்டம் முடிந்து ஜனங்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள்.

நாலு, நாலரைக்கு உள்ளே போய்விடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே தெற்குத் தோட்டத்தின் அடுக்குகளில் இறங்கிப் பாருங்கள். அணைச் சுவரின் அடியில் காவிரித் தாயின் சிலை இருக்கிறது. அங்கே நின்று அண்ணாந்தால், எத்தனை தண்ணீரை முதுகுக்குப் பின்னால் தாங்கிக்கொண்டு அந்தச் சுவர் நிற்கிறது என்பது உறைக்கும். உச்சமட்டம் 124.80 அடி, கொள்ளளவு 49 டி.எம்.சி. சொச்சம். பேப்பரில் எண்ணாக மட்டும் படித்தது அங்கே கருங்கல்லாக நிற்கும். அப்புறம் மெதுவாகப் பாலத்தைத் தாண்டி வடக்கே நடந்தால், பாதி வழியில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ளும். என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது அந்த அரைமணி நேரம். நீரூற்று அதற்கு மேல் கிடைக்கிற கொசுறு.

அணையின் மேலே ஏறலாமா?

விடமாட்டார்கள். காவல் உண்டு. ட்ரோன் எடுத்து வந்தால் வம்பு.

யார் கட்டியது?

அணை வேலை 1911-ல் தொடங்கியது. மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலம். அணைக்கு அவர் பெயர். தலைமைப் பொறியாளர் விசுவேசுவரய்யா. சிமென்ட்டுக்குப் பதில் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்து போட்டுக் கட்டியது; இன்னும் கல் மாதிரி நிற்கிறது. இங்கே அணை கட்ட வேண்டும் என்ற யோசனை திப்பு சுல்தானுக்கே இருந்திருக்கிறது. 1794-ஆம் வருஷத்துப் பாரசீகக் கல்வெட்டு ஒன்று வேலை நடந்தபோது கிடைத்தது. அதை இங்கேயே வைத்திருக்கிறார்கள்.

தோட்டம் அதற்குப் பிறகு வந்தது. 1927-ல் தொடங்கி 1932-ல் முடித்தார்கள், சுமார் 60 ஏக்கர். திவான் மிர்சா இஸ்மாயில் காஷ்மீரத்து ஷாலிமார் தோட்டத்தை மனதில் வைத்துச் செய்வித்தார். செடிகொடிகளுக்குப் பொறுப்பேற்றவர் குரும்பிகல் என்ற ஜெர்மானியர். நடுவில் வாய்க்கால், இரண்டு பக்கமும் சமச்சீராகப் பாத்தி, அடுக்கடுக்காகக் கீழே இறங்கும் தண்ணீர் என்ற அந்த முகலாயக் கணக்கை இப்போதும் பார்க்கலாம். அறுபது, எழுபதுகளின் தமிழ்ப் படங்களில் கதாநாயகனும் கதாநாயகியும் இந்தப் படிகளில்தான் ஓடி ஓடிப் பாடினார்கள். எங்கள் மாமனார் ஒவ்வொரு படியாகக் காட்டி, இன்ன பாட்டு இங்கேதான் எடுத்தது என்பார். பாதி தப்பாக இருக்கும், யாரும் திருத்துவதில்லை.

தண்ணீர் பாட்டுக்கு எப்படி ஆடுகிறது? யாராவது பின்னால் உட்கார்ந்து திறந்து மூடுகிறார்களா?

குழந்தைகள் கேட்கும் கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

இசை நீரூற்று எங்கே இருந்தாலும் அடிப்படை ஒன்றே. தொட்டிக்கடியில் பம்புகள், அவற்றிலிருந்து பிரியும் குழாய்கள், ஒவ்வொரு குழாய் முனையிலும் ஒரு மூக்கு. மின்சாரத்தில் திறந்து மூடுகிற வால்வு ஒரு கூட்டத்தைத் திறக்கும், இன்னொன்றை அடைக்கும். பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் தண்ணீர் எழும்பும், தாழும். அசைந்து கொடுக்கும் மூக்குகள் இடுப்பை ஒடித்து ஆடுவதுபோல் காட்டும். எந்த நொடியில் எது என்பதைப் பாட்டோடு சேர்த்து முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறார்கள்.

அதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. தண்ணீர் 10 மீட்டர் உயரம் எழும்ப வேண்டுமென்றால் மூக்கை விட்டு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் புறப்பட வேண்டும். அப்படிப் புறப்பட்டும் உச்சிக்குப் போக ஒன்றரை நொடி போலப் பிடிக்கும். தவில்காரர் அடிக்கிற நொடியில் வால்வைத் திறந்தால், தண்ணீர் மேலே போய்ச் சேரும்போது தாளம் இரண்டு தட்டு தாண்டியிருக்கும். ஆகவே அடி விழுவதற்கு முன்னாலேயே தண்ணீரைக் கிளப்பிவிட வேண்டும். அடுத்த முறை மத்தளச் சத்தம் வரும் இடத்தில் கவனித்துப் பாருங்கள். சிறிய பீச்சுகள் தாளத்தோடு ஒட்டிக்கொள்ளும், உயரமானவை சில சமயம் கோட்டை விடும்.

நிறத்துக்கு விளக்கு தண்ணீருக்கு அடியில். நுரை நுரையாக உடைந்து எழும் தண்ணீர் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கும், அதனால் தூரத்திலிருந்தும் பளிச்சென்று தெரியும். கண்ணாடிபோல் வழுவழுப்பாக வளையும் தாரை வேறு ரகம். வெளிச்சம் அதற்குள்ளேயே சிக்கிக்கொண்டு, தாரையோடு சேர்ந்து வளைந்து, அது விழுந்து உடையும் இடத்தில்தான் வெளியே வரும். ஜெனீவாவில் கொலாடன் என்ற விஞ்ஞானி 1840-களின் தொடக்கத்தில் இதைச் செய்து காட்டினார். இன்று நம் வீட்டு இணைய இணைப்புக்கு வரும் கண்ணாடி இழையில் வெளிச்சம் ஓடுவதும் இதே வித்தையால்தான்.

எந்த இடத்தில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்?

கேலரி மாதிரிப் படிகள் இருக்கின்றன. நடுவில், மேலேயிருந்து மூன்று நான்கு படி கீழே. முன்வரிசைக்கு முண்டியடிக்காதீர்கள். கிட்டே இருந்தால் ஒவ்வொரு பீச்சும் தெரியும், மொத்தக் கோலம் தெரியாது.

இன்னொன்று காற்று. எங்கள் சித்தி காஞ்சிபுரம் பட்டில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். இரண்டாவது பாட்டில் காற்று திரும்பியது. தலையிலிருந்து கால்வரை சாரல், ஜரிகையெல்லாம் சொட்டச் சொட்ட. மூன்றாவது பாட்டு முழுக்க அவர் பேசியதைத்தான் கேட்டோம். வருகிற வழியிலேயே சின்னச் சின்ன நீரூற்றுகள் இருக்கும். அவற்றின் சாரல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கமாக இடம் பிடியுங்கள்.

துபாய் ஃபவுண்டன் பார்த்தவர்களுக்கு இது எப்படி இருக்கும்?

சப்பென்றுதான் இருக்கும், மறைக்க என்ன இருக்கிறது? அங்கே தண்ணீர் 150 மீட்டர் எழும்பும். சிங்கப்பூர் மெரினா பே கரையில் லேசர், தண்ணீர்த் திரையில் படம் என்று அமர்க்களம். இங்கே அத்தனை கிடையாது. பாட்டு கொஞ்சம் பழசு, ஒலிபெருக்கி கொஞ்சம் கரகரப்பு. ஆனால் அங்கெல்லாம் சுற்றிலும் கட்டடம்; இங்கே பின்னால் அணை, பக்கத்தில் ஆறு, தலைக்கு மேல் வௌவால். அதையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்குக் குறையிருக்காது. நீரூற்றை மட்டும் பார்க்க 400 கிலோமீட்டர் வருவதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன்.

எந்த மாதம் நல்லது?

அணை நிரம்பி நிற்கும் காலம். குடகில் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் ஜூலை, ஆகஸ்ட்டில் நிரம்பும். நிரம்பியதும் முதலமைச்சர் வந்து முறத்தில் மங்கலப் பொருள்கள் வைத்து ஆற்றுக்குப் பாகினம் கொடுப்பார். நாம் ஆடிப் பெருக்குக்குக் காதோலை கருகமணி விடுகிறோமே, அதற்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025-ல் அதிசயமாக ஜூன் மாதமே நிரம்பி, 30-ஆம் தேதி பாகினம் நடந்தது. 2023-ல் மழை பொய்த்து நிரம்பவே இல்லை.

ஒரு சிக்கல். மதகுகளைத் திறந்து பெருவாரியாகத் தண்ணீர் விடும் நாட்களில் படகை நிறுத்திவிடுவார்கள், சில இடங்களுக்குப் போகவும் விடமாட்டார்கள். அந்த நாட்களில் நீரூற்றை மறந்துவிட்டு மதகிலிருந்து விழும் தண்ணீரைப் பாருங்கள். தூரத்திலிருந்தே நெஞ்சில் அதிரும்.

அக்டோபர் முதல் ஜனவரி வரை குளிர் பதமாக இருக்கும்; ஒரு சால்வை போதும். தசரா பத்து நாளும் விளக்கலங்காரம் கூடுதல், கூட்டம் அதைவிடக் கூடுதல். ஏப்ரல், மே மாதங்களில் அணை இளைத்துக் கிடக்கும். நீரூற்று ஆடும், அது தொட்டித் தண்ணீரையே திருப்பித் திருப்பிச் சுற்றுவது. ஆனால் ஆறு பாறை பாறையாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அரண்மனை விளக்கும் இதுவும் ஒரே நாளில் பார்க்கலாமா?

முடியாது. அரண்மனையின் லட்சம் விளக்குகள் ஞாயிறும் அரசு விடுமுறையும் இரவு 7 மணிக்கு எரியும்; முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். அதே நேரம் நீங்கள் 20 கிலோமீட்டர் தள்ளி நீரூற்று முன்னால் இருப்பீர்கள். சனிக்கிழமை கண்ணம்பாடி, ஞாயிற்றுக்கிழமை அரண்மனை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாள்தான் இருக்கிறது, அது ஞாயிறு என்றால் அரண்மனைக்கே போங்கள்.

நீரூற்று பார்த்துவிட்டு ராத்திரியே கோயம்புத்தூர், ஈரோடு திரும்பிவிடலாமா?

இதைக் கட்டாயம் படியுங்கள். திம்பம் வழியாகச் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விடமாட்டார்கள். 2022-ல் நீதிமன்ற உத்தரவின்படி வந்த தடை. கூடலூர், ஊட்டி போகிறவர்களுக்குப் பந்திப்பூரிலும் அதே 9 மணிக் கணக்கு. எட்டு மணிக்குக் கண்ணம்பாடியில் கிளம்புகிறவர் ஒன்பதுக்குள் எந்தக் காட்டையும் தொட முடியாது. சோதனைச் சாவடியில் காருக்குள் கொசுக்கடி வாங்கிக்கொண்டு விடிய விடியக் கிடந்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இரண்டு குடும்பம். மைசூரில் தங்கிவிட்டு, காலையில் கிளம்பி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைப் பகலில் இறங்குங்கள்.

தோட்டத்தை ஒட்டியே ராஜா காலத்து ஹோட்டல் கட்டடம் ஒன்று இருக்கிறது. அங்கே தங்கினால் கூட்டம் கலைந்த பிறகும் நிதானமாக நடக்கலாம். வாடகை மைசூர் லாட்ஜைவிட அதிகம்.

ரயிலில் வருகிறவர்களுக்கு?

சென்னையிலிருந்து பகலில் சதாப்தி, வந்தே பாரத். இரவில் காவேரி எக்ஸ்பிரஸ். தெற்கிலிருந்து தூத்துக்குடி–மைசூரு ரயில். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து ஆட்களுக்கு மயிலாடுதுறை வழியாக வரும் ரயில் இருக்கிறது. வயலுக்கு வந்த தண்ணீர் எங்கேயிருந்து புறப்பட்டது என்று அதிலேயே ஏறி வந்து பார்த்துவிடலாம்.

கட்டணம் எவ்வளவு?

அவ்வப்போது ஏற்றுகிறார்கள், அதனால் எழுதவில்லை. கவுன்ட்டர் பலகையில் இருக்கும். வண்டி நிறுத்த, படகுக்கு, பெரிய கேமராவுக்குத் தனித்தனி. நீரூற்றுக்குத் தனிச் சீட்டு கிடையாது. 'ஸ்பெஷல் டிக்கெட்' என்று வெளியே யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

சாப்பாடு?

உள்ளே சுருமுரி என்கிற மசாலாப் பொரி, சுட்ட சோளக்கதிர், ஐஸ்கிரீம். வெளியே வந்தால் மீன் வறுவல் கடைகள். கல்லில் மசாலா கருகும் வாசம் வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் வரும். சைவக்காரர்கள் மைசூர் திரும்பி மசால் தோசை சாப்பிடுவதே மேல்.

போட்டோ, வீடியோ?

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அது சாரலில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைப் புள்ளியாக வரும். ஒரு பாட்டை மட்டும் எடுங்கள். எங்கள் வீட்டுக்காரர் எடுத்த நாற்பது நிமிஷ வீடியோவை இதுவரை ஒருத்தரும் பார்க்கவில்லை, அவர் உள்பட.

மாமியாருக்கு முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா?

நடையும் படியும் அதிகம். நாலு மணிக்கே போய் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தால் ஆகும்; ஆட்டம் முடிந்து கூட்டத்தோடு திரும்புவதுதான் கஷ்டம். அவர்களைப் படியில் ஒரு இருபது நிமிஷம் உட்கார வைத்துவிட்டு, நெரிசல் வடிந்த பிறகு கிளப்புங்கள். குழந்தைகள் சட்டைப்பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்றைப் போட்டு வையுங்கள். விளக்கு நீரூற்றின் பக்கம்தான். கூட்டம் நிற்கும் பக்கம் அரை இருட்டு.

காவிரித் தகராறு நேரத்தில் தமிழ்நாட்டு நம்பர் வண்டியில் வரலாமா?

மற்ற நாட்களில் ஒரு பிரச்சினையும் இல்லை. மைசூரில் கடைக்காரர் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், ஆட்டோக்காரர் நாம் வாய் திறக்கும் முன்பே 'எங்க போகணும்ணா?' என்பார். தண்ணீர் விடச் சொல்லித் தீர்ப்பு வந்து மண்டியாவில் போராட்டம் சூடுபிடித்தால் மட்டும் தள்ளிப் போடுங்கள். 2016 செப்டம்பரில் அப்படித்தான் சில நாள் யாரையும் உள்ளே விடவில்லை. 2022 கடைசியில் வேறு காரணம்: தோட்டத்துக்குள் சிறுத்தை நடமாட்டம் என்று வாரக்கணக்கில் மூடியிருந்தார்கள். கிளம்பும் முன் உள்ளூர்ச் செய்தியை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

பகலில் பக்கத்தில் என்ன பார்க்கலாம்?

காலையில் ஸ்ரீரங்கப்பட்டணம் ரங்கநாதர், பிறகு ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயத்தில் படகேறி நாரையும் முதலையும், மதியத்துக்கு மேல் கண்ணம்பாடி. மூன்றும் காவிரிக் கரையிலேயே. பலமுரியில் ஆறு தடுப்பணை மேல் வழிந்து ஓடுவது அழகுதான். கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். பாசி வழுக்கும், இழுப்பு கண்ணுக்குத் தெரியாது.

திரும்பி வர வண்டி கிடைக்குமா?

ஆட்டம் முடிந்ததும் ஆயிரக்கணக்கான பேர் ஒரே வாசலில் வருவார்கள். செயலியில் அழைத்தால் அந்த நேரத்துக்கு டாக்சி வருவது நிச்சயமில்லை. போன வண்டியையே காத்திருக்கச் சொல்லி, காத்திருப்புக் கூலியை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். பாதிப் பணத்தை மைசூர் திரும்பிய பிறகு கொடுங்கள். ஒருமுறை முழுப் பணமும் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். வெளியே வந்து பார்த்தால் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தோம்.

மழை வந்தால்? காசு திரும்பக் கிடைக்குமா?

சீட்டு தோட்டத்துக்கு வாங்கியது, நீரூற்றுக்கு இல்லை. அதனால் கிடைக்காது. தூறலுக்கு ஆட்டம் நிற்காது, கொட்டினால் நிறுத்திவிடுவார்கள். போன ஐப்பசியில் அப்படித்தான் நடுப்பாட்டில் நின்றது. எல்லோரும் வாசலைப் பார்த்து ஓட, நாங்கள் பெரியம்மாவுக்காக ஒரு கொட்டகையடியில் ஒதுங்கி நின்றோம். பாட்டுச் சத்தம் அடங்கியதும் பின்னால் இருட்டில் ஏதோ இரைந்தது. மழை வலுக்கிறது என்று நினைத்தோம். பெரியம்மாதான் சொன்னார், "மழை இல்ல கண்ணு, அது ஆறு."